இரண்டு நட்சத்திரம்

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் உள்ள பீட்சாக் கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கிறேன். அரை மணித்தியாலம் காத்திருந்தபின் வந்த பீட்சாவின் நடுப்பகுதி வேகவில்லை. ஒரு துண்டோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கைபேசியில் கடைக்கு இரண்டு நட்சத்திரம் போடுகிறேன். பச்சை மா, மந்தமான கவனிப்பு, யாரும் வந்து ஏமாற வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறேன். எழுதியது கெட்டித்தனமாக இருப்பதாகவும் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் இருந்து கடைக்கார அக்கா வருகிறார். முழங்கைவரை மா. தன் கைபேசியை என் முன்னால் நீட்டுகிறார். அதில் நான் எழுதியதும், பக்கத்தில் என் படமும்.

"இது நீங்கள்தானே தங்கச்சி? எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறியள்?"

"நல்லாயிருக்கு எண்டு எழுதினனான்."

"அப்ப ஏன் ரெண்டு நட்சத்திரம்?"

முகம் சுடுகிறது. "நடுவிலை வேகேல்லை அக்கா" என்கிறேன் மெதுவாக.

"இதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. கூப்பிட்டால் கேக்கிற தூரத்திலைதானே நிண்டனான்."

கோபம் இல்லாமல்தான் சொல்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு போய், புதிதாக ஒன்று சுட்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். நான் ஒரு வாய் சாப்பிடுகிறேன்.

"நல்லாயிருக்கு அக்கா."

உண்மையாகவே நன்றாக இருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டு, கத்தியால் நடுவைக் கீறி, வெந்திருக்கிறதா என்று தானே குனிந்து பார்க்கிறார்.