வழுக்கிய கல்லைக் கொத்திவிட்டேன்

பின்லாந்து தேசத்துச் சிற்பியம்மா எங்கள் மலைத்தோட்டத்தில் எட்டு மாதம் தங்கியிருந்தார். ஏலக்காய் உலர்த்தும் எங்கள் பழைய ஸ்டோர் காலியாகக் கிடந்தது, அதுதான் அவருக்குப் பட்டறை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் அவர் செய்த கல்லைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். அதில் என் கைவேலையும் இருக்கிறது.

அவருக்கு என் வயது இருக்கும். சின்ன வயதிலிருந்தே கல்வேலைதான். ஆனால் சாமியும் செதுக்க மாட்டார், யானையும் செதுக்க மாட்டார். ஆட்டுக்கல்லைப் போல இரண்டு மடங்கு பெரிய கருங்கல் ஒன்றை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னன்னு கேளு" என்றேன் மருமகளிடம். இங்கிலீஷ் அவளுக்குத்தான் வரும்.

"உருவம்னு ஒண்ணும் இல்லையாம் அத்தே. தடவிப் பாக்கணுமாம். அவங்க ஊரு ஏரி குளிருல உறைஞ்சா இப்படித்தான் இருக்குமாம்."

"எட்டு மாசத் தேய்ப்புக்கு ஒரு பிள்ளையாராவது வந்திருக்கும்."

மருமகள் அதையும் சொல்லிவிட்டாள். சிற்பியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்லை அவர் ஊர்க் கண்காட்சிக்கு ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை ஜீப்பு வருவதாக இருந்தது. புதன்கிழமை அவர் போடிக்கு இறங்கினார். நான் போய்த் தடவிப் பார்த்தேன். கை வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் பக்கம் வழுக்குகிற கல்லுக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். உடனே கொத்தியாக வேண்டும். என் வீட்டு அம்மிக்கு நான் ஆள் கூப்பிட்டதே இல்லை, நானே கொத்துவேன். பாவம், தேய்த்தே கெடுத்துவிட்டாரே என்று உளியை எடுத்து உட்கார்ந்தேன். முறம் அகலத்துக்குக் கொத்தியிருப்பேன்.

"அய்யோ அத்தே! என்ன காரியம் பண்ணிட்டீக!"

"ஏண்டி கத்துற? பிடிமானம் வேணாமா கல்லுக்கு?"

"வழுக்கணும்னுதானே அத்தே எட்டு மாசமாத் தேச்சாங்க!"

அந்த நேரம் பார்த்துச் சிற்பியம்மாவும் வந்து நின்றார். கல்லைப் பார்த்தார், என் கையிலிருந்த உளியைப் பார்த்தார். கண்ணை மூடி, வழுவழுப்பிலிருந்து கொத்திய இடத்துக்கும், அங்கிருந்து வழுவழுப்புக்கும் கையை ஓட்டிக்கொண்டே இருந்தார். என் உலையில் அரிசி குழைந்தது, நான் எழுந்துபோகவில்லை.

கடைசியில் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"வெயில் வந்து பனி இளகுறப்போ ஏரி இப்படித்தான் பொத்தல் பொத்தலாக் கிடக்குமாம் அத்தே. பாதியில ஏன் விட்டீங்கன்னு கேக்குறாங்க."

"கேக்குறாகளா? அப்பத் தள்ளி உக்காரச் சொல்லு, பொடி கண்ணுல தெறிக்கும்."

வியாழன் முழுக்கக் கொத்தினேன். எதுவரைக்கும் என்று சாக்கட்டியால் கோடு போட்டது மட்டும் அவர்.

இப்போது மருமகள் போனுக்குப் படம் வந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று கல்லைத் தடவுகிறார்கள். ஒருவர் கையும் வழுவழுப்பில் இல்லை, எல்லாம் நான் கொத்திய பக்கம்தான்.