சோங்சிங்கில் ஒரு நாள்

இதைப் படித்துவிட்டு, கிழவனுக்குக் காது கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நில அளவை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வரைபடம் போட்டவன் நான். என் கோடு மயிரிழை பிசகியதாக ஒரு மேலதிகாரியும் சொன்னதில்லை. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும், மணியோடு எழுதுகிறேன். நடந்தது இரவில்கூட இல்லை. நல்ல வெயில் அடிக்கும் பிற்பகலில்.

எழுபத்தோரு வயதில் முதல்முறையாகச் சீனா பார்க்கப் போவதென்று முடிவு செய்தோம். நானும் மனைவியும் மகளும். பெய்ஜிங்கில் மூன்று நாள். அதில் பெருஞ்சுவருக்கு ஒரு முழு நாள். அங்கிருந்து ரயிலில் சியான், மண்ணால் செய்த படைவீரர்களைப் பார்க்க. பிறகு செங்டுவில் பாண்டாக் கரடிகள். கடைசியாக ஷாங்காய். கட்டம் போட்ட தாளில், கடினமான பென்சிலைக் கூராகச் சீவி, அளவுகோல் வைத்து நானே திட்டம் வரைந்தேன். எந்த ரயில், எத்தனை மணிக்கு, நிலையத்திலிருந்து விடுதிக்கு எவ்வளவு தூரம், எல்லாம்.

"பத்து நாள் ஊர் சுத்த மூணு மாசமா கோடு போடுறீங்க. அந்தச் சுவரைக் கட்டினவங்ககூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க" என்றாள் மனைவி. வேலை முடிந்ததும் தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அலுவலகத்தில் பழகியது, விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இழுப்பறையைத் திறந்தேன். செங்டுவுக்கும் ஷாங்காய்க்கும் நடுவே ஒரு வரி கூடியிருந்தது.

'சோங்சிங் - ஒரு நாள்.'

அதன் கீழே சீன எழுத்தில் ஏதோ ஒரு விலாசம். தடித்த, மென்மையான பென்சில். அப்படி ஒரு பென்சில் என் வீட்டில் கிடையாது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தான் தாளைத் தொடவே இல்லை, சீன எழுத்துக்குத் தான் எங்கே போவது என்றாள். பிசிறில்லாமல் அழித்தேன். புதன்கிழமை காலையில் வரி மறுபடியும் இருந்தது. இந்த முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கட்டங்களை மதிக்காமல், எழுத்துகள் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறியிருந்தன.

அப்படி எழுதுகிறவன் ஒருவனை எனக்குத் தெரியும்.

என் தம்பி. அவனைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு வரன் தள்ளிப்போனதால் அவனுக்கு முதலில் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. மூன்று நாள் இருக்கும்போது யாரிடமும் சொல்லாமல் கப்பலில் சமையல் வேலைக்கு ஓடிப்போனான். பெண் வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றவன் நான். பிறகு எனக்குப் பெண் பார்த்தபோது, வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சொன்னேன். மனைவி அன்றுவரை அதைத்தான் நம்பியிருந்தாள். குடும்ப மானத்துக்காகச் செய்தது. அதைத் தவறென்று நான் இப்போதும் சொல்லவில்லை.

சில வருடங்கள் என் பெயருக்கு வெளிநாட்டுத் தபால்கள் வந்தன. எந்த ஊரிலிருந்து என்றுகூடப் பார்க்க மாட்டேன். உறையைப் பிரிக்காமல், அதன்மேல் 'இப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை' என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுப்பேன். ஒரு கட்டத்தில் தபால் நின்றுபோனது.

வியாழக்கிழமை. பிற்பகல் மணி 3:40. மேசையில் இருந்தேன்.

தட்... தட்... தட்...

யாரோ படி ஏறினார்கள். செருப்புக் கால். நிதானமாக, கனத்த எதையோ தூக்கிக்கொண்டு ஏறுவதுபோல.

எங்கள் வீடு ஒற்றைத் தளம். படிக்கட்டே கிடையாது.

எதைக் கேட்டாலும் எண்ணிவிடுவது என் பழக்கம். முப்பது படி. நின்றது. மனைவியிடம் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மோர் கொடுத்துப் படுக்கச் சொன்னாள்.

வெள்ளி. அதே 3:40. இன்னும் முப்பது.

சனிக்கிழமை நான் உட்காரவில்லை. அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். 3:40...

தட்... தட்...

முப்பது. ஆக மொத்தம் தொண்ணூறு.

பிறகு ஒரு மூச்சு. நீளமாக... இளைத்து... யாரோ பொத்தென்று உட்கார்ந்த சத்தம்.

அப்புறம் நாலு நாள் எதுவும் இல்லை. வரியை நான் அழிக்கவும் இல்லை. கை வரவில்லை.

அதற்குள் மகள் தாளைப் படம் எடுத்துப் பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள். விடுதியை விசாரிக்க, அங்குள்ள பெண் அந்தச் சீன விலாசத்தையும் தேடித் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். புதன்கிழமை சாயங்காலம் மகள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே நின்றாள்.

"அப்பா, அது ஆத்தங்கரையில ஒரு பழைய விடுதியாம். நடத்துற பாட்டி பேசினாங்க. படகுல சமையல் பண்ற நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் அங்க தங்கியிருந்தாராம். அண்ணன் வருவாரு, ஊரெல்லாம் சுத்திக் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம்."

சட்டைப் பையில் இழுப்பறைச் சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"முப்பத்தோரு வருஷம் முன்னாடி, ஒரு நாள் தபால் ஆபீஸ் போயிட்டுத் திரும்பியிருக்காரு. ஆத்துலேருந்து விடுதிக்கு நூத்திமுப்பது படியாம். தொண்ணூறாவது படியில மூச்சு வாங்கி உக்காந்தவரு... எழுந்திரிக்கலையாம். கையில திரும்பி வந்த தபால் ஒண்ணு இருந்துச்சாம். யாராவது வருவாங்கன்னு அந்தப் பாட்டி அதைப் பத்திரமா வச்சிருக்காங்க."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"மூணே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடியாம். ஏம்ப்பா?"

கைப்பேசியை நீட்டினாள். மஞ்சளேறிய உறை. மேலே ஏறும் எழுத்தில் என் பெயர். அதன்மேல் இன்னொரு கையெழுத்து. அளவுகோல் வைத்ததுபோல, நேராக.

'இப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை.'

"இது உங்க கையெழுத்துதானே?"

பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

"இல்லை" என்றேன்.

மனைவி அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போனாள்.

மறுநாள். வியாழன். 3:40.

தட்... தட்... தட்...

எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூற்றொன்று...

நூற்றுப்பத்து...

நூற்றிருபத்தெட்டு...

நூற்றுமுப்பது.

நின்றது. எங்கள் வாசலில்.

கதவு தட்டும் சத்தம். இரண்டே தட்டு.

இந்த முறை மனைவிக்கும் கேட்டது. அவள் போகும் காலடி... தாழ்ப்பாள்... பிறகு மெல்லிய பேச்சுக் குரல்.

நாற்காலியை விட்டு என்னால் எழ முடியவில்லை. சின்ன வயதில் தம்பி என்னை ஒரு பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வான். அவனைத் தவிர ஒருவரும் அதைச் சொன்னதில்லை. நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

வாசலிலிருந்து மனைவி கேட்டாள்.

"என்னங்க... ஸ்கேல் அண்ணன் இருக்காரான்னு ஒருத்தர் கேக்குறாரு. அப்படி யாராவது இந்த வீட்டுல இருக்காங்களா?"