ஆற்றுக்குக் காது வைத்தவர்

அத்தையின் பால் வாளி இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிப்பக்கம் முழுக்க நசுங்கல். ரப்பர் பால் சுமந்து வந்த நசுங்கல் இல்லை, கட்டையால் தட்டித் தட்டி வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முதல் கோபம் என் மேல்தான்.

எண்பதுகளில் மலேசியாவில் கெர்லிங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் முடிந்ததும் காடு. உள்ளே அரை மணி நேரம் நடந்தால் ஆற்றங்கரையில் முனியாண்டி கோயில். வருடத்துக்கு ஒரு முறை படையல். அந்த ஆறு பொல்லாதது. இங்கே வெயில் காயும். மலையில் பெய்த மழை திடீரென்று மதில் போல இறங்கிவரும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சமைப்பவர்கள் சமைக்க, பூசை செய்பவர் செய்ய, ஓர் ஆள் மட்டும் மேலே உள்ள பாறையில் உட்கார்ந்து ஆற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காது வைப்பது என்போம். சத்தம் மாறினால் அவர் வாளியைத் தட்டுவார். போட்டது போட்டபடி எல்லாரும் மேடேறிவிட வேண்டும். பல வருடங்களாகக் காது வைத்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய் வந்த களைப்பிலும் அங்கே கண் அயர மாட்டார்.

நான் அப்போது ரவாங் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. கையில் காசு, தலையில் கொழுப்பு. அந்த வருடம் ஜெனரேட்டர், இரண்டு ஒலிபெருக்கி, மின்சாரக் காற்றாடி எல்லாவற்றையும் லோரியில் கொண்டுவந்து, ஆள் வைத்துக் காட்டுக்குள் தூக்கிப்போனேன். "காட்டுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றார் அத்தை. "எவ்ளோ நாளைக்குத்தான் அத்தே பட்டிக்காடாவே இருக்கிறது? ஜனங்க வசதியா உக்காரட்டும் லா," என்றேன். கோயில் கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்விட்டார்.

மதியம், சோறு பரிமாறும் நேரம். சாமி பாட்டு காட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். அத்தை பாறையிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். வாளியைத் தட்டியிருக்கிறார், தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வந்த வேகத்தில் ஜெனரேட்டரை எட்டி உதைத்துத் தள்ளினார். "பைத்தியமா உனக்கு?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தவன் நான். பாட்டு நின்றது. அப்போதுதான் ஆற்றின் உறுமல் எங்களுக்குக் கேட்டது.

பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மேடேறினோம். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த அத்தைதான் சிக்கினார். அடித்து வந்த மரம் அவர் காலைப் பாறையோடு வைத்து நசுக்கியது. அந்தக் காலோடு பால்மரம் வெட்ட முடியுமா? வேலை இல்லை என்றால் லயத்தில் வீடும் இல்லை. தோட்ட நிர்வாகம் காலி செய்யச் சொன்னது. கமிட்டியில் ஒருவனும் அவருக்காகப் பேசப் போகவில்லை. அத்தை என்னைத் திட்டவும் இல்லை. "ஆத்துச் சத்தத்த அமுக்கிட்டு யாருக்குடா பாட்டுப் போட்ட?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

இப்போது அங்கே தார்ச் சாலை, விடுதிகள், மின்கம்பங்கள். போன மாதம் போயிருந்தேன். ஆற்றுக்குள்ளேயே மேசை நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறுகிறது. காடு பார்க்க வந்தவர்களாம். காட்டின் சத்தம் ஒன்றுகூடக் காதில் விழாமல் என்ன காட்டைப் பார்க்கிறார்கள்? விடுதிப் பையனிடம், "தண்ணி வந்தா யாருப்பா சொல்லுவா?" என்றேன். "போன்ல மெசேஜ் வந்துரும் அங்கிள். லைன்தான் இங்க கொஞ்சம் வீக் லா," என்றான்.

காருக்குப் போய், கூடவே கொண்டுபோயிருந்த அத்தையின் வாளியை எடுத்துவந்தேன். அத்தையின் பாறையில் ஏறி நின்று, யாருக்காவது கேட்கிறதா என்று கை வலிக்க வலிக்கத் தட்டினேன். கீழே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.