நாற்பத்தொன்றாவது பாஸ்போர்ட்

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சாரல், மூடுபனி. எதிர் ஏலத்தோட்டத்து வேலியில் மூன்று கம்பங்கள்தான் தெரிகின்றன. நேற்று இதே நேரத்தில் ஏழு தெரிந்தன. என் நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. கொடியில் போட்ட வேட்டி அன்றோடு ஐந்து நாளாகக் காயவில்லை, காளான் வாசனை அடித்தது. நான் கடைசியாக வேலை பார்த்த வளைகுடாத் துறைமுக நகரத்தில், மாடியில் வேட்டியைப் போட்டுவிட்டுக் கீழே வந்து இரண்டு கடிதங்களில் கையெழுத்திட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: பதினோரு நிமிடம். பிறந்த எருத்தேன்பதியில் ஒரு மணி நேரம். இந்தச் சக்குபள்ளத்தில் கணக்குச் சொல்ல முடியவில்லை. அறுபத்தேழு வயதில் ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறவனுக்கு மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

வெளியே என்றால் முதலில் தங்கச்சன் சாயாக்கடை. வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி. வந்து பதினான்கு மாதம் ஆகியும் தங்கச்சனுக்கு நான் யாரென்று பிடிபடவில்லை. "சாரே, நாடு எவிடெயா?" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். எருத்தேன்பதி என்பேன். "அப்போ தமிழ்நாடு." இல்லை, பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்பேன். "அது தன்னே தமிழ்நாடு!" என்று சொல்லிச் சிரிப்பார். தூதரகங்களில் என்னோடு இருந்த சென்னைக்காரர்கள் என்னை மலையாளி என்றார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் ஆறு நாடுகளில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தேன் என்று தங்கச்சனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் ஏலக்காய் வாங்க வந்து விலை படியாமல் தங்கிவிட்ட வியாபாரி என்று அவர் நினைக்கிறார். உண்மையில் நான் வந்தது ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க. இரண்டு நாளுக்கென்று வந்தேன். அவன் பெயர் செல்லத்துரை. இந்த மலையில் அந்தப் பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது; "நாப்பத்தொண்ணு" என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரை அவனுக்கு வைத்தவன் நான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் துறைமுக நகரத்தின் துணைத்தூதரகத்தில் இருந்தேன். ஓய்வுக்கு ஓராண்டு பாக்கி. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே நம் தொழிலாளி ஒருவன் இறந்தால் அவன் பாஸ்போர்ட் எங்கள் மேசைக்கு வரும். ரத்து முத்திரை குத்தி, கத்தரிக்கோலால் மூலையை வெட்டி, உடலோடு அனுப்பிவைப்போம். குமாஸ்தா வெட்டுவார், நான் கையெழுத்திடுவேன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாதது என் வியாதி. ஒரே கட்டுமானக் கம்பெனியின் ஒரே முகாமிலிருந்து ஒன்றரை ஆண்டில் வந்தவற்றைத் தனி நோட்டில் குறித்து வந்தேன். அதிக வயதுக்காரனுக்கு முப்பத்தாறு. எல்லாச் சான்றிதழிலும் ஒரே வாசகம்: மாரடைப்பு, இயற்கை மரணம். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் இருபத்தொன்பது இயற்கை மரணம். மேலிடத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, இருநாட்டு உறவின் நுட்பத்தைக் கருத்தில் கொள்ளும்படி வந்தது. அந்த மாதிரி வாக்கியங்களை நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அதனால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டியலை ஒரு பத்திரிகைக்குக் கொடுப்பதென்று முடிவு செய்த நாளில் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பாஸ்போர்ட்டின் நகலையும் சான்றிதழோடு ஒப்பிட்டேன். நாற்பது வரை சரி. அடியில் இன்னும் ஒன்று கிடந்தது. அசல் பாஸ்போர்ட், மூலை வெட்டப்பட்டது. அதே கம்பெனி, அதே முகாம். கடைசிப் பக்கத்தில் விலாசம்: சக்குபள்ளம், இடுக்கி. வடநாட்டுப் பையன்களின் படங்களை ஒன்றரை ஆண்டாகப் பார்த்தவன், தமிழ்ப் பெயரும் நம் மலையின் பெயரும் வந்தவுடன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். புரட்டவில்லை. சான்றிதழைத் தேடவில்லை. பெயரையும் ஊரையும் மட்டும் பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக எழுதி மூடிவிட்டேன்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் பழையதன் மூலையை வெட்டித்தான் கொடுப்போம். இது எங்கள் அலுவலகக் காவலாளிக்குக்கூடத் தெரியும். செல்லத்துரை புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். புதியது கம்பெனி கைக்குப் போய்விட்டது. பழையதை வாங்க வருவதற்குள் முகாமிலிருந்து தப்பி ஓடி, கார் கழுவும் ஓரிடத்தில் ஒளிந்து வேலை பார்த்திருக்கிறான். பட்டியல் வெளிவந்த நான்காம் நாள் கம்பெனி அவனைத் தேடிப் பிடித்தது. அன்றைய பத்திரிகையைக் கையில் கொடுத்து, நிருபர்கள் முன் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தது. செத்தவன் பத்திரிகை படிக்கிறான். அதற்கப்புறம் மற்ற நாற்பது பேரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனுக்கு ஓடிப்போன குற்றத்துக்காக ஐந்து மாதம் ஜெயில். எனக்கு வேலை நீக்கம், ஓய்வூதிய மறுப்பு. எருத்தேன்பதிக்குப் போனேன். தம்பி பழனிச்சாமி நல்லவன்தான். ஆனால் பங்காளிகளில் பாதிப் பேரின் பையன்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் இலைக்கு முன்னால் வைத்தே கேட்டார்: "ஏனுங்கண்ணா, உங்க சொந்தம்னு தெரிஞ்சா எம் பையனுக்கு விசா அடிப்பாங்களாங்க?" மற்றவர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். எண்ணினேன், பதினாறு பேர்.

வேலை நீக்கத்தை எதிர்த்தும், அந்தச் சாவுகளை விசாரிக்கச் சொல்லியும் தில்லித் தீர்ப்பாயத்தில் நான் போட்ட மனு விசாரணைக்கு வந்தது. ஜூலை பதினைந்துக்குள் நேரடிச் சாட்சி ஒருவரின் வாக்குமூலமாவது தர வேண்டும், இல்லையென்றால் முடித்துவிடுவோம் என்றார்கள். அது நடந்தால் நாற்பது பேரும் இயற்கையாகவே செத்தவர்கள் ஆகிவிடுவார்கள். அந்த முகாமில் படுத்து எழுந்த ஆட்களில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் செல்லத்துரை. ஏற்கெனவே பதின்மூன்று முறை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னிப்பை முதல் தடவையே கொடுத்துவிட்டான். கையெழுத்தைத்தான் கொடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினான்காவது முறை. மூன்று பக்கத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவனுக்கு வேலை. அன்று விறகு நனைந்துவிட்டதால் லயத்து வீட்டிலேயே இருந்தான்.

"பாக்கியம், துட்டி கேக்க ஆள் வந்திருக்காக. பாயை எடுத்துப் போடு" என்றான்.

"பெரிய மனுசர்ட்ட என்ன பேச்சு பேசுறீக?" என்றாள் அவன் மனைவி.

"நெசத்தத்தானே சொல்லுதேன். நான் செத்து எட்டு வருசமாச்சு. சொந்தக்காரப் பய ஒருத்தன் எட்டிப் பாக்கல. சார் ஒருத்தருதான் மாசம் தவறாம வாராக."

பாக்கியம் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். ஆறே நாள்தான் இருக்கிறது என்றேன். அவன் தாளை வாங்கி மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தான். ஓரிடத்தில் விரலை வைத்தான்.

"இது தப்பு சார். பக்கத்துக் கட்டில் பீகார்க்காரப் பய ராத்திரியே போயிட்டான். காலைல தல எண்ண வந்த சூப்பர்வைசர் அவனைத் தொட்டுக்கூடப் பாக்கல. ஆப்சென்ட்டுன்னு எழுதிட்டுப் போனான். அன்னைக்குச் சம்பளத்தப் பிடிச்சுட்டுத்தான் பொட்டிய அனுப்புனாக. அதையும் எழுதிக்கிடுங்க."

எழுதினேன். இந்தப் பதினான்கு முறையில் முதன்முறையாக அவனே பேனாவைக் கேட்டான். கொடுத்தேன்.

அப்போது பாக்கியம் கைபேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். இரும்பு அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். கட்டிலின் கம்பியில் வெள்ளைப் பெயிண்டில் எண்.

"என் தம்பி. மார்ச்சுல போனான். அதே கம்பெனிதான் சார். இவுக ஜெயில்ல கெடந்தப்ப வாங்குன கடன் வட்டியாப் பெருகிக் கெடக்கு. ஏஜென்ட்டு இப்ப அங்கதான் ஆள் எடுக்கான்" என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்க அந்த ஊருல பெரிய ஆபீசரா இருந்தவுக. இவுக கையெழுத்துப் போட்டா என் தம்பிய ஒண்ணும் செய்ய மாட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். போடச் சொல்லுதேன்."

செல்லத்துரை பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

முப்பத்தொரு ஆண்டு என் தொழிலே அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான். உங்கள் உறவினரின் பாதுகாப்பு எங்கள் முழுக் கவனத்தில் உள்ளது. எத்தனை தாய்மாருக்கு எழுதியிருக்கிறேன், இருநூறு இருக்குமா? இந்த முறை படத்தை நன்றாகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை. அவன் பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் இருக்கும். செல்லத்துரை கையெழுத்திட்டது தெரிந்த மறுநாள் அவனை எந்த வேலைக்கு, எந்த நேரத்து வெயிலுக்கு அனுப்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அப்படிச் சொல்ல என்னால முடியாதும்மா" என்றேன்.

அவன் பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகினான். "அப்போ சாயாவையாவது குடிங்க சார், ஆறிப்போகுது" என்றான்.

மறுநாள் தில்லி வக்கீல் போனில் சத்தம் போட்டார். கையெழுத்து வேண்டாம், சாட்சி யாரென்று பெயரையும் விலாசத்தையும் மட்டும் கொடுங்கள், சம்மன் அனுப்பி வரவழைத்துவிடலாம், வராமல் எங்கே போவான் என்றார். மனுவின் அந்தப் பக்கத்தை எனக்கே அனுப்பிவைத்தார். சாட்சியின் பெயர் என்று ஒரு கோடு, அதன் எதிரே காலியிடம். ஐந்து நாள் அது மேசை மேல் கிடந்தது. நாற்பது பேரை நினைத்தால் எழுதிவிட வேண்டும் என்றிருக்கும். எழுத உட்கார்ந்தால் அந்தத் தழும்பு. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குத் தீர்ப்பாய அலுவலகம் மூடியது. கோடு காலியாகவே இருந்தது. நான் செய்தது சரி என்று உங்களிடம் வாதாட வரவில்லை. நாற்பது வீட்டுக்காரர்களில் ஒருவராவது இதைப் படித்தால் என்னை என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறேன், தூக்கம் போய்விடுகிறது.

உத்தரவு வந்துவிட்டது. ஆதாரமற்றது, முடிக்கப்பட்டது. பழனிச்சாமி கூப்பிட்டான். "போதுமுங்கண்ணா. ஊட்டுக்கு வந்துருங்க. மேக்கால அறை சும்மாதான் கெடக்குது." வருகிறேன் என்றேன். போகவில்லை. அங்கே குடியில்லாதவன் என்று எருத்தேன்பதி வாக்காளர் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கே சேர்க்கப் போனால், நிலையாக இங்கே இருப்பீர்களா என்று கிராம அலுவலகத்தில் கேட்டார்கள். விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது இரண்டு பட்டியலிலும் நான் இல்லை. நேற்று உட்கார்ந்து கணக்கை முடித்தேன். எட்டு ஆண்டில் போன சம்பளமும் ஓய்வூதியமும் ஐம்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம். வக்கீலுக்குப் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம். தில்லிக்கு இருபத்துமூன்று முறை போய்வந்ததற்கு இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம். அந்தப் பட்டியலால் எனக்கு ஆன நஷ்டம் ஆக மொத்தம் அறுபத்தாறு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். பழக்க தோஷம், நாற்பதால் வகுத்தேன். தலைக்கு ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரத்து நானூறு ரூபாய்.