மற்ற ஆடுகளும் எங்கள் கோவாப் பாத்தியும்

காணாமல் போன ஓர் ஆட்டைத் தேடி மேய்ப்பன் போனபோது, மற்றத் தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள்?

கேள்வி முதலாம் வகுப்பில் படிக்கும் என் மகளுடையது. பதில் சொல்ல முடியாமல் இருப்பது நான். அந்த ஞாயிறு எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் நான் வேதபாடம் சொல்ல வேண்டியிருந்தது. உயர்தரம் வரை படித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு அடிக்கடி என் தலையில் விழும். நானும் மறுக்கமாட்டேன். பிறகு, சொல்லப்போவது சரிதானா என்று வாரம் முழுவதும் யாரிடமாவது சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதனால் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மகளிடம் இயேசு சொன்ன காணாமல் போன ஆட்டின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். ஆடு கிடைத்ததும் மேய்ப்பன் அயலாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவளோ முகத்தைச் சுளித்தாள்.

“மத்த ஆட்டையெல்லாம் எங்க விட்டாரு?”

“மலையில.”

“மலையிலயா? புலி வராது?”

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளை வேறெப்படிக் கேட்பாள்? கீழ் லயத்து வரிசைவீடுகளில் நின்ற நாயைச் சிறுத்தைப்புலி தூக்கிப்போய் அதிக நாளாகவில்லை.

வேதத்தை மறுபடி புரட்டினேன். ஒரு சுவிசேஷத்தில் மலை, இன்னொன்றில் வனாந்தரம். இரண்டிலுமே காவலுக்கு ஆளைக் காணோம். ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் கேட்டேன். “பட்டியில அடச்சிட்டுத்தான் போயிருப்பாரு. எழுதினவரு அத விட்டுட்டாரு” என்று சோற்றைப் பிசைந்தார். போதகரைப் போனில் பிடித்தேன். அந்த நாட்டில் மேய்ப்பர்கள் பலர் சேர்ந்து மேய்ப்பார்கள், கூட்டாளி ஒருவர் நின்றிருப்பார் என்றார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. மகளுக்கு இல்லை. “அப்ப அந்த மாமாவப் பத்தி ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவின் ஆடுகளில் ஒன்றைக் காணவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்தில் ஆடு காணாமல் போனால் அது யாருடையது என்று பார்ப்பதில்லை. டார்ச் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். “தங்கச்சி, மத்ததப் பாத்துக்கங்க. பட்டிக் கதவு கொண்டி சரியில்ல” என்று சொல்லிவிட்டு அக்காவும் ஓடினார்.

நானும் மகளும் பட்டிக்கு முன்னால் நின்றோம். வீட்டுக்குள் அவளுடைய தம்பிப் பாப்பா வீறிட்டு அழுதான். “இங்கயே நில்லு” என்று மகளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன், வயிற்றைத் தொட்டேன், மறுபடி நெற்றியைத் தொட்டேன். வெறும் பசி.

பால் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் பட்டி திறந்து கிடந்தது. மகள் எங்கள் கோவாப் பாத்தியின், அதாவது முட்டைக்கோசுப் பாத்தியின், வாசலில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஆடுகள் அவளைத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போய், கோவாவைத் தின்றுகொண்டிருந்தன.

அதே நேரம் பார்த்து அக்கா, காணாமல் போன ஆட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் பாதி லயம்.

“எங்கக்கா நின்னுச்சி?” என்றேன்.

“கோயில்ல. அம்மனுக்குப் போட்ட மாலையத் திண்டுக்கிட்டு நிக்கிது, கழுத.” பிறகுதான் பாத்தியைப் பார்த்தார். “அடக் கடவுளே. ஒண்ணு கோயில் மாலையத் திங்குது, மத்ததெல்லாம் வேதக்கார வீட்டுக் கோவாவத் திங்குது. என் ஆடுங்களுக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான் தங்கச்சி.”

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

“தம்பி அழுதான்னு நீங்க போயிட்டீங்க. ஆட்ட நான் பாத்துக்கிட்டேன். என்னைய யாரு பாத்துக்கிட்டா?”

வாரம் முழுவதும் அவள் கேட்டது ஆட்டைப் பற்றி மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி பிறந்ததிலிருந்து, அழுகிற ஒருவனிடம் நான் ஓடும்போதெல்லாம், அழாமல் நிற்கிற பிள்ளை அவள்தான்.

ஞாயிறு கூட்டத்தில் தயாரித்து வைத்ததை விட்டுவிட்டு, கோவா கதையையே சொன்னேன். கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: “ஒண்ணுக்காக இம்புட்டுத் தூரம் போறவரு, நாளைக்கு நமக்கும் வருவாருன்னு மத்த ஆட்டுக்குத் தெரியுமில்ல. அதுங்க பயப்படாது.” எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகளிடம் சொன்னேன்.

அவள் யோசித்தாள். “அப்ப காணாமப் போனாத்தான் தேடி வருவாரா?”

அன்றிலிருந்து அவள் தினமும் பின்னேரம் காணாமல் போகிறாள். எப்போதும் அலுமாரிக்குப் பின்னால்தான். கால்விரல்கள் வெளியே தெரியும். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “மகளக் காணோமே, மகளக் காணோமே” என்று அடுப்படி, வாசல், ஆட்டுப்பட்டி வரை தேடிவிட்டுக் கடைசியில் அலுமாரிக்கு வருவேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும்போது, அந்த மேய்ப்பன் ஏன் அயலாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டான் என்பது எனக்குப் புரிகிறது. முன்பு வாசிக்க மட்டுமே தெரிந்தது.

ஆனாலும் தொலைந்தால்தான் தேடுவார்கள் என்று பிள்ளைக்கு நானே பழக்கிவிடுகிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தவர்கள், வேதத்தை என்னைவிட ஆழமாக வாசித்தவர்கள், தயவுசெய்து எழுதுங்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பற்றி இவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? பதிலில் புலியையும் மறந்துவிடாதீர்கள். அவள் கேட்பாள்.