செல்வியின் மந்திரவாதி

எண்பதுகளில் ஒரு கோடை லீவு. புதுச்சேரி மாமா பையன் சேகர், அவன் அப்பா பிரான்சிலிருந்து அனுப்பிய ஒரு விளையாட்டுப் பெட்டியோடு எங்கள் திண்டிவனம் வீட்டுக்கு வந்தான். அவன் கதை சொல்லுவான். நாங்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். நான் வாள்வீரன். தங்கை செல்வி மந்திரவாதியை எடுத்தாள்.

"அவன் ஒரு அடி பட்டாலே செத்துருவான். மந்திரமும் சண்டைக்கு ஒருவாட்டிதான்," என்றான் சேகர்.

"போயும் போயும் நோஞ்சானையா எடுப்ப?" என்றேன் நான்.

"என்ன மாதிரியே இருக்கான், அதான்," என்று சிரித்தாள். அவளுக்கு இதயத்தில் ஓட்டை.

ஆட்டத்தில் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். எதிரிகள் குறுகலான வாசலில் நெருக்கியடிக்கும்வரை பொறுத்திருந்து, தூங்கவைக்கும் மந்திரத்தால் மொத்தமாகச் சாய்ப்பாள். நாலு படி ஏறவே மூச்சைச் சேர்த்துவைக்கிறவளுக்கு மந்திரத்தைச் சேர்த்துவைக்கவா தெரியாது?

கடைசி ஆட்டம் விழுப்புரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் நடந்தது. ஒரே ஒரு பூதம் என்னை வெட்ட வந்ததுமே செல்வி மந்திரத்தைப் போட்டுவிட்டாள்.

"ஏன் இவ்ளோ ஜல்தியா போட்ட? இனிமே உனக்கு என்ன இருக்கு?" என்று கத்தினேன்.

"நீ இருக்கியே அண்ணா. முன்னால நின்னுக்கினு இரு, போதும்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. மீதியை நாளைக்கு ஆடலாம் என்று பகடையை எடுத்துவைத்தோம். மறுநாள் காலையில் செல்வி போய்விட்டாள்.

அப்புறம் நான் பகடையைத் தொடவே இல்லை. அந்த ஆட்டத்தில் அவள் இன்னும் சாகவில்லை. மந்திரம் தீர்ந்துபோய், என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். திரும்பிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.