காலுறைக்குள் இரண்டு உருளைக்கிழங்கு

1989ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. நாங்கள் வென்ட்வேர்த்வில்லுக்கு வீடு மாறிய ஆண்டு என்பதால் எனக்கு அதில் சந்தேகமில்லை. அப்பா செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் பெயர் ‘ஸ்பட்’. இந்த ஊர் ஆங்கிலப் பேச்சில் உருளைக்கிழங்கை அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் இருந்த உருளைக்கிழங்குப் பிரட்டல் வாங்கிக் கொடுத்த பட்டம்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஊரிலை படிப்பிச்ச பிள்ளையள் மாஸ்டர் எண்டு கூப்பிட்டவை. இஞ்சை கிழங்கு.”

“கிழங்கெண்டாலும் கூப்பிடுகினம்தானே” என்பார் அப்பா.

அவரை நிரந்தரமாக்குவதா, நிறுத்துவதா என்பது ஃபோர்மனின் கையில் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா அந்த ஃபோர்மனைச் சாப்பிட அழைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வெள்ளைக்காரர். அவருக்கென்று அம்மா உறைப்பில்லாத கோழிக்கறி ஒன்றும் தனியாக வைத்தார். எல்லாவற்றையும் யோசித்தவர்கள் வாசலை யோசிக்கவில்லை.

அங்கே வரிசையாகக் கிடந்த எங்கள் செருப்புகளைக் கண்ட ஃபோர்மன், அப்பா தடுப்பதற்குள் படியில் அமர்ந்து சப்பாத்துகளைக் கழற்றிவிட்டார். இடது காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் முழுதாக வெளியே நின்றது.

“ஐயோ, விரல் எட்டிப் பாக்குது” என்று தம்பி கைநீட்டிச் சிரித்தான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஃபோர்மனின் முகம் காது மடல்வரை சிவந்தது. இப்படிக் காலுறை ஓட்டையில் விரல் தெரிவதையும் நாங்கள் ‘ஸ்பட்’ என்றுதான் சொல்வோம் என்று ஆங்கிலத்தில் ஏதோ பகிடி விட்டுப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. விரலை மடக்கியபடி, சப்பாத்தைத் திரும்பப் போடட்டுமா என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

அப்பா அவரைக் கதிரையில் இருத்திவிட்டு அறைக்குள் போனார். அங்கிருந்து குசினிக்கும் போனார். அதுவரை வெறுங்காலோடு நின்றவர், திரும்பி வந்தபோது சாம்பல் நிறக் காலுறை போட்டிருந்தார். வலது பெருவிரல் வெளியே நின்றது. காலைக் கொண்டுபோய் ஃபோர்மனின் காலுக்குப் பக்கத்தில் வைத்து, “டூ ஸ்பட்ஸ்” என்றார்.

ஃபோர்மன் சிரித்த சிரிப்பில் தம்பி பயந்துபோனான். அதற்குப் பிறகு அவர் உறைப்பில்லாத கறியைத் தொடவேயில்லை. எங்கள் கறியைத்தான் கண்ணீர் வடிய, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா நிரந்தரமானார். நானும் தம்பியும் படித்து முடித்தது அந்த வேலையில்தான்.

அந்தச் சொல்லின் கதையைப் பின்னாளில் அகராதியில் தேடினேன். உருளைக்கிழங்குக்கு வெகுகாலம் முன்பு அது ஒரு சிறு கத்தியின் பெயராம்.

அந்த ஞாயிறு பின்னேரம் குசினிக் கத்தரிக்கோலில் சாம்பல் நூல் சிக்கியிருந்ததை நான்தான் கண்டேன். குளிருக்கென்று அம்மா வாங்கிக் கொடுத்த புதுக் காலுறையின் நூல்.

“அம்மா, அப்பா புதுச் சொக்ஸை வெட்டிப்போட்டார்.”

“ஓம்” என்றார் அம்மா. ஒரு பொத்தான் தொலைந்தாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவர், அந்தக் காலுறையைத் தோய்த்துக் காயவைத்து, அப்படியே மடித்து அலுமாரிக்குள் வைத்தார். ஊசி நூல் பக்கத்திலேயே இருந்தும் ஏன் தைக்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.